மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரைகளில் சான்றாதாரப் பட்டியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் முதுநிலை மருத்துவ மாணவர் ஒருவர் வாசித்துப் பார்க்கும்படி தந்த கட்டுரை வரைவில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் அதிகரிக்கவில்லை என நிறுவப்பட்டுள்ளதாக ஒரு வரி இருந்தது. வரியின் முடிவில் 7 என்ற எண். பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே, 2009-இல் ஹெல்த் ஃபிசிக்ஸ் இதழின் 96-ஆம் தொகுதியில் வெளியான கட்டுரை புள்ளி, காற்புள்ளி எதிலும் பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த ஆய்வு கேரளத்தின் கொல்லம் மாவட்டத்திலுள்ள கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாக 10.5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையிலும் கதிர்வீச்சு தரும் மோனசைட் மணல் இருக்கிறது என்பதால், அங்கே கிடைத்த முடிவு இங்கே கிடைத்த முடிவாகிவிடாது. இதழின் வடிவ விதிகளை எவ்வளவு கவனமாகப் பின்பற்றினாலும், எண் சுட்டும் கட்டுரை அந்த வரியைத் தாங்கவில்லை என்றால் அந்தச் சான்றாதாரம் தவறானதே.

இத்தகைய தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1980-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த ஐந்தே வாக்கியக் கடிதம் ஒன்றைச் சொல்லலாம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றபோது அபின் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 பேரில் நால்வருக்கு மட்டுமே அடிமைத்தனம் பதிவானது என்றது அக்கடிதம். 2017-இல் அதே இதழில் வெளியான கணக்கின்படி, அதை மேற்கோள் காட்டியவை 608, அவற்றில் 80.8 விழுக்காடு, அந்த நோயாளிகள் உள்நோயாளிகள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோருக்கும் அந்த முடிவு பொருந்தும் என்று வாசகர்கள் எண்ணுவதற்கு அந்த விடுபடலே இடம் கொடுத்தது.

மூலத்தைப் பார்க்காமல் இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுத்து எழுதுவதே இதன் வேர். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், ஓர் (Orr) என்பவருடன் சேர்ந்து 1936-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் இரைப்பை, முன்சிறுகுடல் புண் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம் மாவட்டத்தில் வயிற்றுப்புண் பற்றி எழுத வருபவருக்கு அதைச் சேர்க்க ஆசை வருவது இயல்பு, சேர்க்கவும் வேண்டும். ஆனால் ஒரு பாடநூலின் அடிக்குறிப்பிலிருந்து அதை அப்படியே இறக்கினால், அங்கே சோமர்வெல் சோமர்வில் ஆகியிருந்தாலும், பக்க எண் ஒன்று மாறியிருந்தாலும், அந்தப் பிழையும் சேர்ந்தே இறங்கும். 2003-இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர், இவ்வாறு வழிவழியாக நகலெடுக்கப்பட்ட அச்சுப்பிழைகளைப் பின்தொடர்ந்து, மேற்கோள் காட்டுவோரில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினரே மூலத்தை வாசிக்கின்றனர் என்று மதிப்பிட்டனர். மூலம் கைக்கு வரவில்லை என்றால், அதைப் பற்றிச் சொன்ன நூலையே சான்றாகக் காட்டுவது நேர்மையானது.

இனி வடிவத்துக்கு வருவோம். மருத்துவ இதழ்களில் பெரும்பாலானவை பின்பற்றும் எண்வரிசை முறைக்கு வான்கூவர் முறை என்று பெயர். 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய இதழாசிரியர்களின் குழுவே பின்னாளில் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவாக வளர்ந்தது. உரையில் முதன்முதலில் சுட்டப்படும் வரிசையிலேயே எண் தர வேண்டும், ஒருமுறை தந்த எண்ணையே கடைசி வரை பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அகரவரிசையில் அடுக்கிவிட்டு எண் போடுவது, ஒரே கட்டுரைக்கு 5 என்றும் 19 என்றும் இரண்டு எண் தருவது ஆகியவை இன்றும் காணப்படுகின்றன.

எண்வரிசையில் அதிகம் கவனிக்கப்படாத இடம் அட்டவணை. அட்டவணைக்குள் மட்டும் வரும் சான்றாதாரங்கள், அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை ஒட்டி எண் பெற வேண்டும். உரையில் 12 வரை வந்து, அடுத்த வரியில் 'அட்டவணை 2' என்று எழுதினால், அட்டவணையின் புதிய சான்றுகள் 13, 14 என்று தொடங்கும். அதன் பிறகே உரையின் அடுத்த எண் வரும். ஸோட்டெரோ, மெண்டெலி, எண்ட்நோட் போன்ற, சான்றாதாரங்களுக்குத் தானே எண் தரும் மென்பொருள்களுக்கு இந்த விதி தெரியாது. அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைத்திருந்தால், அவற்றிலுள்ள சான்றுகளுக்கு மென்பொருள் கடைசி எண்களையே தரும். என் கட்டுரை ஒன்று இந்தக் காரணத்துக்காகவே மதிப்பாய்வுக்குப் போகுமுன் திருப்பி அனுப்பப்பட்டது. எழுதும் காலத்தில் அட்டவணையை அது குறிப்பிடப்படும் பத்திக்குக் கீழேயே வைத்திருந்து, எண்கள் உறுதியான பிறகு கடைசிக்கு மாற்றுவதே நான் அதன் பின் கைக்கொண்ட வழி. மாற்றுமுன் மென்பொருள் இணைப்பை நீக்கி எண்களைச் சாதாரண எழுத்தாக்கிவிட வேண்டும், இணைப்புடன் கூடிய படி ஒன்றைத் தனியே பாதுகாத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஆசிரியர் பெயர்களில் தமிழர்களாகிய நமக்குத் தனித் தொல்லை உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பது நம் வழக்கம். ஊர்ப்பெயரின் எழுத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு. எஸ். முருகன் என்பவர் பட்டியலில் 'முருகன் எஸ்' ஆக வேண்டும், இடையில் புள்ளியோ காற்புள்ளியோ கூடாது. அவரே வேறோர் இதழில் தந்தை பெயரை விரித்து முருகன் சுந்தரம் என்று எழுதியிருந்தால், கடைசிச் சொல்லே குடும்பப்பெயராகக் கொள்ளப்பட்டு, அங்கே 'சுந்தரம் எம்' என்று பதிவாகியிருக்கும். ஒரே ஆள்தானே என்று இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. அந்தந்தக் கட்டுரை பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் எப்படிப் பதிவாகியுள்ளதோ அப்படியே எழுதினால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும்.

எத்தனை ஆசிரியர் பெயரை எழுதுவது என்பதில் இதழுக்கு இதழ் வேறுபாடு உண்டு. ஆறு பெயர் எழுதி 'எட் ஆல்' (மற்றும் பிறர்) சேர்க்கச் சொல்லும் இதழ்கள் பல. ஆறு பேருக்கு மேற்பட்டால் முதல் மூவரை மட்டும் எழுதச் சொல்கிறது லான்செட். இதழ்ப் பெயரின் சுருக்கத்தை நாமே உருவாக்கக் கூடாது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் உள்ள வடிவமே செல்லும். பக்க எண்ணை 284-7 என்று சுருக்குவதா, 284-287 என்று முழுமையாக எழுதுவதா என்பதை அந்த இதழின் அண்மைக் கட்டுரை ஒன்றைத் திறந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் சான்றாதாரம் கேட்டு வாங்குவது இப்போது பெருகிவரும் வழக்கம். உண்மையான இதழ், நம்பத்தக்க ஆசிரியர் பெயர், பொருத்தமான தலைப்பு எல்லாம் இருக்கும், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. 10 என்று தொடங்கும், கட்டுரையின் இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து, வருவது அதே தலைப்புதானா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முப்பது சான்றுகள் உள்ள கட்டுரைக்கு இது ஒரு மாலை வேலைதான்.

அந்த மாலையிலேயே, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதேனும் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் லான்செட்டில் வந்த கட்டுரை 2010-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. கொரோனா காலத்தில் 2020 மே 22 அன்று அதே இதழில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரையோ ஜூன் 4-ஆம் நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. முன்னரே இறக்கி வைத்த பிடிஎஃப் கோப்பில் இந்தச் செய்தி இருக்காது. பப்மெட் பக்கத்தில் இருக்கும். வரைவு எழுதும்போது ஒருமுறை, அச்சுப்படி திருத்தத்துக்கு வரும்போது இன்னொருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் இடையே மாதங்கள் பல கடந்திருக்கும்.