நடுவுல நிக்காம டக்குனு மாறுற லெகோ சுவிட்ச்: முதல் தடவை செய்றவங்களுக்கு

லெகோ டெக்னிக்ல (கியர், மோட்டார் வச்சு செய்ற லெகோ வகை) ஒரு மோட்டார் தானா போயி தானா திரும்பி வரணும்னு முயற்சி பண்றவங்க அநேகமா ஒரே எடத்துலதான் மாட்டிக்கிறாங்க. மோட்டாரோட திசைய மாத்துற சுவிட்ச்ச கியர் மெதுவா தள்ளும், சுவிட்ச் பாதி தூரம் வந்ததும் ஆஃப் ஆயிடும், மோட்டார் நின்னுரும், மோட்டார் நின்னுட்டா மிச்சத்த தள்ள ஆள் இல்ல. நானும் என் பொண்ணும் கொலுவுக்கு ஒரு சுத்துற மேடை செஞ்சப்போ ரெண்டு நாள் இங்கயே கிடந்தோம், புது பேட்டரி போட்டோம், கியர் மாத்தினோம், ஒன்னும் நடக்கல. ஏன்னா குறை மோட்டார் பலத்துல இல்ல, தள்ற விதத்துல இருந்துச்சு.

வீட்டு லைட் சுவிட்ச்ச ரொம்ப மெதுவா அழுத்திப் பாருங்க. கொஞ்ச தூரம் எதுவும் ஆகாது, அப்புறம் உங்க விரல விட்டுட்டு அதுவே டக்குனு மறுபக்கம் விழும். நீங்க அழுத்தினது முழுக்க உள்ள இருக்கிற ஸ்பிரிங்ல சேர்ந்து, நடுக்கோட்ட தாண்டினதும் மொத்தமா வெளிய வருது. இதே வேலைய நம்ம ஒரு ரப்பர் பேண்ட வச்சு செய்யப் போறோம்.

வேண்டியது: லெகோவோட பழைய பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையில எம் மோட்டார், 6 ஏஏ பேட்டரி போடுற பாக்ஸ், 8869 நம்பர் சுவிட்ச் (இதுல அச்சு சொருகி திருப்பலாம், அதனாலதான் இது), 8 பல் கியர் 1, சாதா 24 பல் கியர் 1, வெள்ளை கிளட்ச் கியர் (இதுவும் 24 பல்தான், பாரம் ஜாஸ்தியானா நழுவும்) 1, வார்ம் கியர் (திருகு மாதிரி இருக்கும்) 1, கொஞ்சம் பீம் (வரிசையா ஓட்டை உள்ள நீளத் துண்டு), பின் (ஓட்டையில சொருகுற சின்ன முளை), அச்சு, ரப்பர் பேண்டு.

படி 1: கியருக்கு எடம் பாக்குறது

ரெண்டு கியரோட பல்லையும் கூட்டி 16ஆல வகுத்தா எத்தன ஓட்டை தள்ளி வைக்கணும்னு வந்துரும். 8 + 24 = 32, அப்போ 2 ஓட்டை. 24 + 40 = 64, அப்போ 4. 16 + 24 போட்டா 2.5 வரும், நேர் வரிசையில அது உக்காராது, விட்ருங்க. இந்த தூரக் கணக்குக்கு மட்டும் வார்ம் கியர 8 பல்லுன்னு நெனச்சுக்கோங்க. மேல கீழ வைக்கிறதா இருந்தா ஒரு விஷயம், லெகோ பிரிக் உயரம் 9.6 மிமீ, ஓட்டைக்கு ஓட்டை தூரம் 8 மிமீ, அதனால பிரிக்க ஒன்னு மேல ஒன்னா அடுக்கினா கியர் சேராது, ரெண்டு பிரிக்குக்கு நடுவுல 2 பிளேட்டு (3.2 மிமீ உயர மெல்லிசு துண்டு) வைங்க, 9.6 + 3.2 + 3.2 கூட்டினா சரியா 16 மிமீ, அதாவது 2 ஓட்டை.

படி 2: வேகத்த கொறைக்கிறது

மோட்டார்ல 8 பல், அது வெள்ளை கிளட்ச் கியர சுத்தும், அதே அச்சுல வார்ம், வார்ம் சாதா 24 பல் கியர சுத்தும். முதல் ஜோடியில 3 மடங்கு, வார்ம்ல 24 மடங்கு (அது ஒரு சுத்துக்கு ஒரு பல்லுதான் நகர்த்தும்), மொத்தம் 72 மடங்கு கொறையும். எம் மோட்டார் சுமை இல்லாம நிமிஷத்துக்கு சுமார் 400 சுத்து சுத்தும், கடைசி அச்சு 5, 6 சுத்துதான் வரும். கிளட்ச் கியர கட்டாயம் வார்முக்கு முன்னாடியே வைங்க. எங்கயாவது மாட்டிக்கிட்டா அது கடகடன்னு நழுவி மோட்டாரக் காப்பாத்தும், வார்முக்கு அந்தப் பக்கம் வச்சீங்கன்னா அடுத்த படியில வர்ற எகிறுற கைய தள்றதுக்கே நழுவ ஆரம்பிச்சுரும்.

படி 3: எகிறுற கை

இதுதான் உயிர், அவசரப்படாதீங்க. சுவிட்ச்ல சொருகுற அச்சுலயே 7 ஓட்டை பீம் ஒன்ன (இதுதான் எகிறுற கை) அதோட கடைசி வட்ட ஓட்டை வழியா மாட்டுங்க. வட்ட ஓட்டைங்கிறதால பீம் லூசா ஆடும், அச்ச திருப்பாது, அப்படித்தான் இருக்கணும். நுனியில தலை உள்ள அச்சா பாத்து போடுங்க, சாதா அச்சு வெளிய நீட்டிட்டு இருந்தா ரப்பர் பேண்டு அதுல போயி சிக்கும்.

இப்போ ரப்பர் பேண்டோட ஒரு முனை பீம்ல 4வது ஓட்டையில ஒரு பின்னுல, மறுமுனை அச்சுக்கு நேர் கீழ 2 ஓட்டை தள்ளி, பின்னாடி சட்டத்துலேர்ந்து நீட்டிட்டு இருக்கிற அசையாத ஒரு பின்னுல. அச்சு ரெண்டுக்கும் நடுவுல வரணும். அப்போதான் பீம் நேரா மேல நிக்கும்போது ரப்பர் அதிகமா இழுபடும், ஒரு மயிரிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாஞ்சா இழுத்துட்டுப் போயிடும். ரெண்டு முனையும் அச்சுக்கு ஒரே பக்கம் வந்துட்டா நேர்மாறா, பீம் எப்பவும் நடுவுக்கே வந்து நிக்கும், எங்களுக்கு முதல்ல நடந்தது அதான்.

படி 4: கை சுவிட்ச்ச அடிக்கிறது

பீமுக்குப் பின்னாடி, அதே அச்சுல, முனையில குறுக்கு ஓட்டை (கூட்டல் குறி மாதிரி இருக்கும்) உள்ள 3 ஓட்டை மெல்லிசு துண்டு ரெண்டு, ஒன்னு இடது ஒன்னு வலது, தராசு தண்டு மாதிரி எதிரெதிரா. குறுக்கு ஓட்டைங்கிறதால இது அச்சோட சேர்ந்து திரும்பும். ரெண்டோட வெளி முனையிலயும் பீம் பக்கமா நீட்டுற மாதிரி ஒரு பின். பீம் எகிறி வரும்போது மொதல்ல சும்மா வரும், நடுக்கோட்ட தாண்டின பிறகுதான் இந்தப் பின்ன அடிக்கும். இந்த சும்மா வர்ற தூரம்தான் முக்கியம், அது இல்லேன்னா பீமும் சுவிட்சும் ஒட்டிக்கிட்டே மெதுவா நகரும், பழையபடி நடுவுல நின்னுரும். மோட்டார மாட்டாம கையாலயே பத்து தடவையாவது தள்ளிப் பாருங்க. தாண்டறதுக்கு முன்னாடியே பின்னுல இடிக்குதுன்னா பீமையோ பின்னையோ மெல்லிசா மாத்துங்க.

படி 5: சேத்து மாட்டுறது

கடைசி 24 பல் கியரோட அச்ச சுவிட்ச் அச்சுக்கு நேர் எதிர்ல, ஒரே கோட்டுல, தொடாத மாதிரி வைங்க. அதுல ஒரு விரல் மாதிரி பீம், அதோட நுனியில எகிறுற கைய தொடுற நீளத்துக்கு ஒரு பின், அச்சுலேர்ந்து 5 ஓட்டை தூரத்துல. ரப்பர் மாட்டின பின் ரெண்டும் அச்சுக்கு இத விட கிட்ட இருக்கிறதால விரல் இடிக்காம முழுசா சுத்தி வரும்.

பேட்டரி பாக்ஸுக்கும் மோட்டாருக்கும் நடுவுல சுவிட்ச்ச இணைச்சு ஆன் பண்ணுங்க. விரல் கைய மேல தள்ளிட்டு வரும், நடுக்கோட்டுல கை டக்குனு அந்தப் பக்கம் பாயும், மோட்டார் திரும்பும், விரல் வந்த வழியே ஏறக்குறைய ஒரு முழு சுத்து போயி மறுபக்கத்துலேர்ந்து தள்ளும். ஒரு பக்கம் போக 10 செகண்டுக்கு மேல ஆகும். இந்த அச்சு மேலதான் எங்க மேடை உக்காந்திருக்கு.

கை பாஞ்ச பிறகும் விரல் அதையே துரத்திட்டுப் போயி கிளட்ச் கடகடங்குதுன்னா திசை தப்பு. வார்ம 24 பல் கியரோட எதிர்ப் பக்கத்துக்கு மாத்துங்க, மேல இருந்தா கீழ, அவ்ளோதான். கை பாயுது ஆனா சுவிட்ச் முழுசா போகலேன்னா ரப்பர் பத்தல, இன்னொன்னு சேருங்க. கைய தள்ளும்போதே கிளட்ச் நழுவுதுன்னா ரப்பர் ஜாஸ்தி.

8869 கிடைக்கலேன்னா எலக்ட்ரானிக்ஸ் கடையில, சென்னைன்னா ரிச்சி தெருவுல, 6 கால் உள்ள டிபிடிடி சுவிட்ச் (ரெண்டு ஒயரையும் ஒரே நேரத்துல மாத்துறது) கேளுங்க. நடு ரெண்டு காலுக்கு பேட்டரி, ஒரு முனையில இருக்கிற ரெண்டு காலுக்கு மோட்டார், நாலு மூலைக் காலையும் எக்ஸ் மாதிரி குறுக்க ஒயர் போட்டு இணைங்க. டாகிள் வகையில (குச்சி நீட்டிட்டு இருக்கிறது) உள்ளயே ஸ்பிரிங் இருக்கும், ஸ்லைடு வகைன்னா (நகத்துறது) மேல சொன்ன ரப்பர் கை வேணும்.

வேலை முடிஞ்சதும் ரப்பர் பேண்ட கழட்டி வச்சுருங்க, இழுபட்டபடியே மாசக்கணக்கா கிடந்தா தொய்ஞ்சு போயிடும், அடுத்த தடவை ஆன் பண்ணும்போது கை பாயாது.