முன் லோடர் பூட்டிய பழைய சிறு டிராக்டர்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மதுரை மாவட்டத்தில் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் தென்னையும் வாழையும் வைத்திருப்பவர்கள் முன் லோடர் (முன்பக்கம் பக்கெட்டால் அள்ளித் தூக்கும் அமைப்பு) பூட்டிய சிறு டிராக்டரைத் தேடுவதற்குக் காரணம் வெளிப்படையானது. குப்பை அள்ளவும் மட்டை ஒதுக்கவும் ஆள் கிடைப்பதில்லை. வாடகைக்கு வரும் ஜே.சி.பி.யோ தோப்புக்குள் நுழைந்தால் வாய்க்கால் கரையையும் சொட்டுநீர்க் குழாயையும் மிதித்துவிட்டுப் போகிறது. 20 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சிறு வண்டி இந்த இடத்துக்குப் பொருத்தமானதுதான். ஆனால் லோடர் பூட்டிய வண்டியைப் பழையதாக வாங்கும்போது, உழவு மட்டும் ஓட்டிய டிராக்டரைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தால் போதாது. உழவில் சுமை பின்னால் இழுக்கிறது. லோடரில் சுமை முன்னால் தொங்குகிறது. வண்டியின் எந்தெந்தப் பாகங்கள் உழவுக்கென அளவாகச் செய்யப்பட்டனவோ, அவையெல்லாம் லோடர் வேலையில் முதலில் தளர்கின்றன. எனவே இந்த வண்டியை லோடரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போவதே சரியான வரிசை.

முதலில் உங்கள் வேலையின் எடையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 0.2 கன மீட்டர் கொள்ளும் ஒரு சிறு பக்கெட்டில் ஓரளவு காய்ந்த தொழு உரம் ஏறத்தாழ 120 கிலோ வரும். அதே பக்கெட்டில் ஈரமான கரிசல் மண்ணை நிரப்பினால் 350 கிலோவுக்கு மேல் போகும். எரு அள்ளுவதற்குப் போதுமான வண்டி, திருமங்கலம் பக்கத்து நிலத்தில் கண்மாய் வண்டல் அடிக்கப் போதாது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும். விற்பவர் “750 கிலோ தூக்கும்” என்று சொன்னால், அது எதைத் தூக்கும் அளவு என்று கேளுங்கள். மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி 2441 போன்ற 24 குதிரைத்திறன் வண்டிகளுக்குச் சொல்லப்படும் அந்த அளவு, பின்னால் கலப்பை மாட்டும் இணைப்பின் திறன். முன் பக்கெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆண்டுக்கு நாலைந்து நாள்தான் லோடர் வேலை இருக்கிறதென்றால் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வாடகை வண்டியே மலிவு.

வாங்குவதென்று முடிவு செய்தால் நான்கு சக்கர இயக்கமும் பவர் ஸ்டீயரிங்கும் இல்லாத வண்டியை ஒதுக்கிவிடலாம். இரு சக்கர இயக்க டிராக்டரின் முன் ஆக்ஸில் திருப்புவதற்காக மட்டுமே அமைந்தது. அதன் மேல் பக்கெட்டையும் மண்ணையும் ஏற்றினால் கிங் பின்னும் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) வீல் பேரிங்கும் சீக்கிரமே தேய்ந்துவிடும். பவர் ஸ்டீயரிங் இல்லாமல் நிறைந்த பக்கெட்டோடு அரை நாள் திருப்பிப் பார்த்தவர் அடுத்த நாள் வண்டிப் பக்கம் வர மாட்டார். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1.25 மீட்டர் இடைவெளியில் நட்ட செடிகளுக்கு நடுவே லோடரோடு எந்த வண்டியும் போகாது. ஆகவே அரை மணி நேரத்தில் கழற்றி மாட்டக்கூடிய லோடராக இருந்தால்தான் அந்த வண்டி இரண்டு வேலைக்கும் உதவும். கழற்ற முடியும் என்று வாயால் சொல்வதை ஏற்காமல், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வண்டி இதுவரை எங்கே ஓடியது என்ற கேள்விக்கான பதில் பாதி விலையைத் தீர்மானிக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் ஓடிய வண்டிக்கு மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும், ஃபெண்டரின் அடிப்பக்கத்திலும் பேட்டரிப் பெட்டியின் கீழும் துரு பொரிந்திருக்கும். சிங்கம்புணரிப் பக்கத்துக் கயிறு ஆலைகளில் நார்க் கழிவு அள்ளிய வண்டியின் ரேடியேட்டர் தூசியில் அடைத்து, எஞ்சின் பல முறை சூடேறியிருக்க வாய்ப்புண்டு. விளக்கைப் பிடித்து ரேடியேட்டர் இடுக்குகளைப் பாருங்கள். செங்கல் சூளையில் நாள் முழுதும் முன்னும் பின்னும் ஓடிய வண்டியின் கிளட்ச் பாதி போயிருக்கும். ஒரே குடும்பம் தோப்புக்குள் மட்டும் ஓட்டிய வண்டி பார்வைக்கு அழுக்காக இருந்தாலும் பெரும்பாலும் நல்ல வண்டிதான்.

இனி லோடர். நம் பக்கம் கிடைக்கும் சிறு வண்டிகளில் பலவற்றுக்கு லோடர் பிற்பாடு பட்டறையில் செய்து பூட்டியதாகவே இருக்கிறது. பட்டறை வேலை என்பதாலேயே அது மோசம் என்று நினைக்க வேண்டியதில்லை. அதன் சட்டம் வண்டியில் எங்கெல்லாம் பிடித்திருக்கிறது என்பதே முக்கியம். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சரியாகச் செய்த லோடரின் சட்டம் முன்னாலிருந்து தொடங்கிப் பின் ஆக்ஸில் வரை நீண்டு, சுமையை வண்டியின் முழு நீளத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். செலவை மிச்சப்படுத்திய லோடரோ எஞ்சினுக்கும் கிளட்ச் ஹவுசிங்குக்கும் (கிளட்ச்சை மூடிய கூடு) பக்கத்தில் நாலு போல்ட்டோடு நின்றுவிடும். டிராக்டருக்கு லாரி மாதிரித் தனி சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்ததே அதன் முதுகெலும்பு. அந்த இணைப்பிலேயே முழுச் சுமையும் இறங்கினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். கிளட்ச் ஹவுசிங்கில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் படிவைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தாலும், புதிதாகப் பற்றவைத்த தடம் தெரிந்தாலும், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்து, மாட்டுக்குப் பல் பார்ப்பது போல, பக்கெட்டின் மூட்டுகளைக் கோக்கும் இரும்பு ஆணிகளான பின்களைப் பார்க்க வேண்டும். பக்கெட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அதற்கடியில் உறுதியான கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்திய பிறகு, அதன் ஒரு மூலையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால், அந்தச் சத்தம் எந்த மூட்டிலிருந்து வருகிறது என்பதை விரலை வைத்து உணரலாம். பின்னும் அதைச் சுற்றியுள்ள வளையமான புஷ்ஷும் மட்டும் தேய்ந்திருந்தால் புதிது போட்டுவிடலாம். ஆனால் பின் நுழையும் காது ஓட்டையே முட்டை வடிவமாகிவிட்டால், பழையதை வெட்டி எடுத்துப் புதுக் காது வைத்துப் பற்றவைக்க வேண்டிவரும். கிரீஸ் அடிக்கும் முனையான நிப்பிளில் பழைய கிரீஸ் கருத்து, மண்ணோடு இறுகிக் கிடந்தால் அந்த வண்டியைப் பராமரித்தவரின் குணம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு வண்டிக்கு எதிரில் நின்று பார்த்து, லோடரின் இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, பக்கெட்டின் விளிம்பு தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பாறையையோ மரவேரையோ பக்கெட்டின் ஒரு மூலையால் நெம்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

எண்ணெய் அழுத்தத்தால் பக்கெட்டைத் தூக்கும் ஹைட்ராலிக்கைச் சோதிக்க அவசரப்படக் கூடாது. சிலிண்டரின் பளபளப்பான தண்டை முழுதாக வெளியே நீட்டச் சொல்லி, அதன் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழியோ கீறலோ தட்டுப்பட்டால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ‘சீல்’ அறுந்துகொண்டே இருக்கும், புதுச் சீல் போட்டாலும் நிற்காது. பிறகு பக்கெட்டில் மண்ணை நிரப்பி இடுப்பளவு தூக்கி, எஞ்சினை நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒன்றிரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் பெரிய குறையில்லை. கண் பார்க்கப் பார்க்கவே இறங்கினால் சிலிண்டர் சீலோ கட்டுப்பாட்டு வால்வோ போயிருக்கிறது. சீல் என்றால் சின்னச் செலவு, வால்வு என்றால் பெரிய செலவு. இந்தச் சோதனையின்போது யாரும் பக்கெட்டுக்கு அடியில் நிற்கவோ கையை நீட்டவோ கூடாது. ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அதைவிடக் கொடிய பழக்கம்: ஊசிமுனை ஓட்டையிலிருந்து அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம். ஓர் அட்டையை அருகில் பிடித்தால் போதும், ஈரம் படுவது தெரிந்துவிடும். ஹைட்ராலிக் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

எஞ்சினைப் பற்றித் தெரியாதவர் எவருமில்லை. எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் தயங்காமல் கிளம்ப வேண்டும். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா என்பதையும், ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கிளட்ச்சும் முன் ஆக்ஸிலும்தான் லோடர் வண்டியில் பணத்தை விழுங்குபவை. தளமான இடத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அமுங்கி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது, நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். லோடர் வண்டியில் அதற்கு முன் லோடர் சட்டத்தையும் கழற்ற வேண்டியிருப்பதால் கூலி கூடும். இதை விலை பேசும்போது மறந்துவிடாதீர்கள். முன் ஆக்ஸிலில், சக்கரம் திரும்பும் மூட்டுகளைச் சுற்றி எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் சீல் போயிருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதைத் தார்ச் சாலையில் பார்க்கக் கூடாது. இளகிய மண்ணில், பக்கெட்டை மண்மேட்டில் முட்டவிட்டு, தாழ்ந்த கியரில் தள்ளும்போது முன் சக்கரங்கள் மண்ணைப் பிறாண்டுகின்றனவா என்று பாருங்கள். டயரில் நான்கு இலக்கத் தேதி எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். முன்பின் டயர்கள் கம்பெனி சொன்ன அளவில்தான் இருக்க வேண்டும். கையில் கிடைத்த அளவை மாட்டியிருந்தால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து முன் கியரைத் தின்றுவிடும்.

மணிக்கணக்கு மீட்டர் காட்டுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மீட்டர் நின்று மாதக்கணக்காகியிருக்கலாம், மாற்றியும் இருக்கலாம். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழவழத்து இரும்பு தெரிய, மீட்டர் 900 மணி நேரம் என்று காட்டினால் நான் பெடலைத்தான் நம்புவேன்.

ஓட்டிப் பார்க்கும்போது, வண்டியின் பின்னால் எடை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நிறைந்த பக்கெட் முன்னால் அழுத்தும்போது பின் சக்கரங்கள் இலகுவாகிவிடும். பல வண்டிகளில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டுமே பிடிப்பதால், சரிவில் வண்டி நிற்காமல் போய்விடும் ஆபத்து உண்டு. பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம், சக்கர எடை மாட்டலாம், அல்லது ரொட்டவேட்டரையே பின்னால் தொங்கவிடலாம். பக்கெட்டைத் தாழ்வாகவே வைத்து, நான்கு சக்கர இயக்கத்தில் சரிவில் இறங்குங்கள். சிறு வண்டி அகலம் குறைந்தது. பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு வரப்பின் மேல் ஏறித் திரும்பினால் பக்கவாட்டில் கவிழும்.

ஆவணத்தில், மதுரை மாவட்ட வண்டி என்றால் பெரும்பாலும் டி.என். 58, 59, 64 என்ற எண்களில் ஒன்று இருக்கும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பாருங்கள். பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் வண்டியின் மேல் பைனான்ஸ் பதிவாகியிருப்பதும், இன்ஷூரன்ஸ் காலாவதியானதும் தெரிந்துவிடும். பைனான்ஸ் இருந்த வண்டிக்கு பைனான்ஸ் கம்பெனி தரும் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யும், பைனான்ஸ் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கையில் வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். லோடருக்காக வண்டியின் அமைப்பை நிரந்தரமாக மாற்றியிருந்தால் வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும்; போல்ட்டில் கழற்றக்கூடிய லோடருக்கு அந்தத் தலைவலி குறைவு. மானியத்தில் எடுத்த வண்டி என்று தெரிந்தால், மறுவிற்பனைக்குத் தடைக்காலம் முடிந்துவிட்டதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

விலை பேசும்போது, டிராக்டருக்கு ஒரு விலை, லோடருக்கு ஒரு விலை என்று பிரித்துப் பேசுவது நல்லது. லோடர் இல்லாத அதே வண்டி ஒத்தக்கடைப் பக்கத்து விற்பனையாளர்களிடம் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டு, நீங்கள் கண்டறிந்த சீல், பின், ஹோஸ், கிளட்ச் செலவுகளை ஒரு மெக்கானிக்கின் மதிப்பீட்டோடு அதிலிருந்து கழியுங்கள். வண்டி வீடு வந்ததும் எஞ்சின், கியர், ஹைட்ராலிக், முன் ஆக்ஸில் என எல்லா எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்றி, ஒவ்வொரு பின்னிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை புதியது அடித்து, லோடர் சட்டத்தின் போல்ட்களை முறுக்கி, பின் எடையை ஏற்றிய பிறகே பக்கெட்டை எருக்குழியில் இறக்குங்கள். முதல் வாரம் ஓடி முடித்ததும் அந்தப் போல்ட்களை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள்.