இளையோர் பணியில் மறைப்பணியாளராக வாழ்வது: நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் மைக் வயரைச் சுருட்டியபடி, அடுத்த மாதத் தியானத்துக்கு எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினேழு வயதுப் பையன் ஒருவன் நான்கு நாற்காலிகளை ஒன்றாகத் தூக்கி வந்து வைத்துவிட்டு, "அண்ணா, இனிமே என்னால வர முடியாதுன்னு நினைக்கிறேன்" என்றான். "சரிப்பா, அடுத்த வாரம் பேசலாம்" என்றேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவனுடைய அப்பாவுக்கு வேலை போய்விட்டது, இவன் சாயங்கால வேலைக்குப் போகிறான் என்பது இரண்டு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு அந்த வயரைக் கீழே வைத்திருக்க வேண்டும். இளையோர் பணியில் நான் பார்த்த, நானே செய்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில் வந்து சேர்கின்றன. பணியை நடத்துவதில் மும்முரமாக இருந்து, அந்தப் பணி யாருக்காகவோ அவரையே கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

"மறைப்பணியாளர் என்றால் வேறு யாரோ"

மறைப்பணியாளர், அதாவது நற்செய்தியை எடுத்துச் செல்ல அனுப்பப்பட்டவர், என்றதும் கடல் கடந்து போன குருக்களும் கன்னியரும்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் மறைப்பணிகளுக்குத் திருச்சபை வைத்திருக்கும் பாதுகாவலர்கள் இருவர். ஒருவர் புனித பிரான்சிஸ் சவேரியார், ஆசியாவின் கரையெல்லாம் அலைந்தவர். இன்னொருவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. 15 வயதில் கார்மேல் மடத்துக்குள் போனவர், 1897-ல் 24 வயதில் அங்கேயே இறந்தார். எந்த மறைப்பணித் தளத்தையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. மறைப்பணிக்குப் போகும் இருவருக்குக் கடிதம் எழுதினார், அவர்களுக்காகச் செபித்தார், தன் அன்றாடச் சின்னச் சின்ன வேலைகளை ஒப்புக்கொடுத்தார். அவரைத்தான் 1927-ல் சவேரியாருக்கு இணையாகத் திருச்சபை நிறுத்தியது.

திருச்சபை தன் இயல்பிலேயே மறைப்பணி ஆற்றுவது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் சொன்னது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் மறைப்பணிச் சீடர் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ல் எழுதினார். அப்படியானால் சனிக்கிழமை மாலை விடலைப் பிள்ளைகளோடு உட்காரும் நீங்களும் அனுப்பப்பட்டவர்தான். இதை மறந்தால் நாம் வெறும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களாகிவிடுவோம்.

நிகழ்ச்சியையே பணி என்று எடுத்துக்கொள்வது

நாட்காட்டி நிறைந்திருந்தால் பணி நன்றாக நடக்கிறது என்று தோன்றும். இந்த மாதம் தியானம், அடுத்த மாதம் வினாடி வினா, அப்புறம் விளையாட்டு விழா. அறிக்கையில் எழுத எண்ணிக்கையும் கிடைக்கும். எண்ணுவது தப்பில்லை. ஆனால் "நாற்பது பேர் வந்தார்கள்" என்று சொல்லும்போது அந்த நாற்பது பேரில் எத்தனை பேருடைய பெயர் தெரியும், எத்தனை பேருக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சியின் உண்மையான நேரம் பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. இளைஞர்கள் மனசில் இருப்பதைக் குழுக் கலந்துரையாடலில் சொல்வதை விட, செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வதுதான் அதிகம். அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பேருக்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை. அவர்கள் மைக்கைத் தொட மாட்டார்கள், தேநீர் ஊற்ற மாட்டார்கள், நாற்காலி தூக்க மாட்டார்கள். அரை மணி நேரம் முன்னால் வந்து, எல்லாரும் போகும் வரை இருப்பார்கள். தனியாக நிற்பவர் பக்கத்தில் போய் நிற்பது மட்டும்தான் அவர்களுடைய பொறுப்பு. ஆரம்பத்தில் "ஆள் பற்றாக்குறையில் இது வேறா?" என்று முணுமுணுப்பு வந்தது. வரட்டும், இந்த இரண்டு பேரை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வராதவரைப் போனில் கூப்பிடும்போது "ஏன் வரல?" என்று தொடங்காதீர்கள். அது வருகைப் பதிவேடு பேசுவதுபோல் இருக்கும். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும்.

அவர்களே வரட்டும் என்று காத்திருப்பது

1841 டிசம்பர் 8. இத்தாலியின் துரின் நகரில் ஒரு கோவில். புதிதாகக் குருவான தொன் போஸ்கோ திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருந்தார். அந்த அறைக்குள் பர்த்தலோமேயோ கரெல்லி என்ற 16 வயதுப் பையன் எட்டிப் பார்த்தான். கோவில் பணியாளர் அவனைப் பூசைக்கு உதவி செய்யச் சொன்னார். தெரியாது என்றான். "அப்படியானால் இங்கே உனக்கு என்ன வேலை?" என்று அவர் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்பக் கூப்பிடச் செய்து, பூசை முடிந்ததும் பக்கத்தில் உட்கார வைத்தார். படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. "சரி, விசில் அடிக்கத் தெரியுமா?" என்றார். பையன் சிரித்துவிட்டான். சிலுவை அடையாளம் போடுவதிலிருந்து அன்றைக்கே மறைக்கல்வி தொடங்கியது. பின்பு அவன் நண்பர்களையும் கூட்டி வந்தான்.

இந்தக் கதையை இளையோர் பணி செய்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதில் வரும் கோவில் பணியாளரைப் பற்றி மட்டும் அதிகம் யோசிப்பதில்லை. அவர் கெட்டவர் இல்லை. கோவிலுக்குள் வருகிறவனுக்குக் கோவில் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். பாட்டுத் தெரிந்தவர், செபம் தெரிந்தவர், நன்றாகப் பேசுபவர் எல்லாம் நம் குழுவுக்குள் எளிதாக வந்துவிடுகிறார்கள். எதுவும் தெரியாதவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

வாசலுக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். விளையாட்டுத் திடல், வேலை முடிந்து திரும்பும் வழி, மருத்துவமனை வரிசை, இணையத்தில் அவர்கள் கூடும் இடம். போகும்போது கையில் துண்டுப் பிரசுரம் வேண்டாம். இரண்டு மூன்று முறை சும்மா போய்வந்து, முகம் பழகட்டும்.

முந்திக்கொண்டு பேசுவது, அல்லது பேசாமலே விடுவது

எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் உயிர்த்த இயேசு தம் சீடர் இருவரோடு நடக்கிறார். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரம். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தாலும், எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை முழுசாகக் கொட்டும்வரை குறுக்கிடவில்லை. மறைநூலை விளக்கியதெல்லாம் அதற்குப் பிறகு.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "கடவுள் இருக்காரான்னே தெரியல அக்கா" என்று ஒரு பெண் சொன்னால் உடனே பதற்றம் வந்துவிடுகிறது. கடவுள் இருப்பதற்கு ஐந்து காரணங்களை அடுக்கத் தொடங்குகிறோம். அவளுடைய பாட்டி போன மாதம் இறந்துபோன செய்தி அந்த ஐந்து காரணங்களுக்கு அடியில் போய்விடும். "எப்போதிலிருந்து அப்படித் தோணுது?" என்று கேட்டால் போதும், பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இப்போது அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நட்பாக இருக்கிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம், விளையாடுகிறோம், ஆனால் இயேசுவின் பெயர் மட்டும் வருவதில்லை. திணிப்பதுபோல் ஆகிவிடுமோ என்ற கூச்சம். கடவுளைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் எது, பேசாமல் அன்பை மட்டும் பேசவிட வேண்டிய நேரம் எது என்பது கிறிஸ்தவருக்குத் தெரியும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-ல் எழுதினார். அந்த இரண்டு நேரங்களில் முதலாவதையும் விட்டுவிடக் கூடாது. எதைச் சொல்வது என்ற குழப்பம் இருந்தால், திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் இளைஞர்களுக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற ஊக்கவுரையில் அதை மூன்று வரியில் சுருக்கியிருக்கிறார். கடவுள் உன்னை அன்பு செய்கிறார், கிறிஸ்து உன்னை மீட்கிறார், அவர் உயிரோடு இருக்கிறார். இந்த மூன்றில் ஒன்று உங்கள் வாழ்க்கையில் எப்போது உண்மையானது என்பதை இரண்டு நிமிடத்தில், அலங்காரம் இல்லாமல் சொல்லிப் பழகுங்கள்.

தியானம் முடிந்த திங்கட்கிழமை

மூன்று நாள் தியானம். கடைசி இரவு நற்கருணை ஆராதனை. விளக்கை அணைத்து, மெல்லிய இசை வைத்தோம். பலரும் அழுதார்கள். ஞாயிறு மாலை கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். திங்கட்கிழமை காலை அதே வீடு, அதே சண்டை, அதே போன். புதன்கிழமைக்குள் "அங்க நடந்தது எல்லாம் சும்மா உணர்ச்சிதானோ?" என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

தியானத்தின் வெற்றியைக் கண்ணீரை வைத்து அளக்காதீர்கள். இசையாலும் இருட்டாலும் கண்ணீரை வரவழைக்கவே கூடாது, அது அவர்களுடைய மனசைக் கையாள்வதாகும். உண்மையாகவே கடவுளைத் தொட்ட அனுபவம் கிடைத்தவர்களையும் நாம் பாதியில் விடுகிறோம். அந்த அனுபவத்துக்குப் பின் கோட்பாடு, ஒழுக்கம் பற்றிய வகுப்புகளை மட்டும் வரிசையாக வைத்தால் இளைஞர்கள் சலித்துப்போய், உள்ளே பற்றிய தீ அணைந்துவிடும் என்று அதே ஊக்கவுரை எச்சரிக்கிறது. வகுப்புகள் தேவைதான், அவை மட்டும் போதாது. தியானத்துக்குத் தேதி குறிக்கும்போதே அடுத்த ஆறு வாரத்துக்கும் தேதி குறியுங்கள். நான்கைந்து பேராகச் சின்னக் குழு, வாரம் ஒரு மணி நேரம், ஒரு நற்செய்திப் பகுதி, கொஞ்சம் மௌனம். இடையில் ஒருநாள் முதியோர் இல்லத்துக்கோ நோயாளியின் வீட்டுக்கோ சேர்ந்து போய்வருவது. இதற்கு ஆளில்லை என்றால் தியானத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

நம்மோடு கட்டிவைப்பது

இதை மெதுவாக வாசியுங்கள். "நீங்க இருந்தாத்தான் நான் வருவேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் உள்ளுக்குள் இனிக்கும். அந்த இனிப்பை நம்பாதீர்கள். இரண்டாவது மூன்றாவது ஆளிடம் அந்தப் பிள்ளையை அறிமுகப்படுத்துங்கள்.

வயது வராதவர்களோடு பூட்டிய அறை, நள்ளிரவு அரட்டை, பெற்றோருக்குத் தெரியாத பயணம் எதுவும் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். அறை வெளியிலிருந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். யார் மீதும் சந்தேகத்தால் சொல்வதல்ல இது, பிள்ளைகளின் பாதுகாப்புக்கான அடிப்படை ஒழுங்கு.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஒருவர் கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். பாவசங்கீர்த்தன ரகசியம் குருவுக்கு உரியது, இளையோர் தலைவருக்கு அது கிடையாது. "கவனமா கேக்குறேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தற்கொலை எண்ணம், வீட்டில் அடி, பாலியல் தொந்தரவு இவற்றில் எது காதில் விழுந்தாலும் அன்றைக்கே பொறுப்பாளருக்கும் உரிய அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். தப்பு செய்தவர் திருச்சபைக்குள் இருப்பவர் என்றாலும் இதேதான். அப்படிப்பட்ட புகாரைத் தெரிவிப்பது குருக்களுக்கும் துறவியருக்கும் கடமை என்று 2019-ல் திருச்சபையின் சட்டமே வந்துவிட்டது. செபம் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது அந்தப் பிள்ளையைக் கைவிடுவதுதான்.

வேலைக்கு மட்டும் கூப்பிடுவது

தோரணம் கட்ட, நாற்காலி போட, வரிசையை ஒழுங்குபடுத்த இளைஞர்கள் வேண்டும். எதைச் செய்வது என்று முடிவெடுக்கும்போது மட்டும் அவர்கள் அறையில் இருப்பதில்லை. இளம் தொழிலாளர்களுக்கு அவர்களைப் போன்ற இளம் தொழிலாளர்களே திருத்தூதர்களாக இருக்க வேண்டும் என்று நம்பிய பெல்ஜியக் குரு கார்டைன், பார், சிந்தி, செயல்படு என்ற வழியை அவர்கள் கையிலேயே கொடுத்தார். நீங்களும் கொடுத்துப் பாருங்கள். சொதப்புவார்கள். பரவாயில்லை, கூட இருங்கள்.

அப்புறம், அவர்களைக் கோவில் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பியர் ஜார்ஜோ பிரசாத்தி என்ற இத்தாலிய இளைஞர் 1925-ல் 24 வயதில் இறந்தபோது, துரின் நகரத்து ஏழைகள் திரண்டு வந்து தெருவை நிறைத்தார்கள். தங்கள் மகன் இத்தனை பேருக்கு உதவியிருக்கிறான் என்பது அவருடைய வீட்டாருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். நம் குழுவிலிருக்கும் ஒரு பெண் தன் அலுவலகத்தில், யாரும் பேசாத ஒருவரோடு தினமும் மதியம் சாப்பிடுகிறாள் என்றால் அது மறைப்பணி. நம் அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும் அவளைக் கூப்பிட்டு அதைப் பற்றிக் கேளுங்கள், அவளுக்காகக் குழுவாகச் செபியுங்கள்.

நம் செபம் வற்றிப்போவது

இயேசு பன்னிருவரை நியமித்ததைச் சொல்லும் மாற்கு, தம்மோடு இருக்கவும் அனுப்பப்படவும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார், அந்த வரிசையில். பொறுப்பில் இருப்பவர்களுக்கு முதலில் நழுவுவது அந்த "தம்மோடு" என்பதுதான். ஞாயிறு திருப்பலியில் பாடல் தாள், ஒலிபெருக்கி, வாசகம் படிப்பவர் வந்தாரா என்று கண் சுற்றிக்கொண்டே இருக்கும். நற்கருணை வாங்கிவிட்டு வரும்போதும் கை போனைத் தேடும்.

வாரத்தில் ஒருநாள், உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லாத திருப்பலிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். உங்கள் குழுவுக்கு வெளியே ஓர் ஆன்மிக வழிகாட்டியைத் தேடிக்கொள்ளுங்கள். களைத்துவிட்டால் பொறுப்பாளரிடம் சொல்லி மூன்று மாதம் ஒதுங்குங்கள். அந்த மூன்று மாதத்தில் யாருடைய பெயரெல்லாம் மனசில் வருகிறதோ அதைக் குறித்துவைத்து, தினமும் ஒருவருக்காகச் செபியுங்கள். என் பட்டியலில் முதல் பெயர், நான்கு நாற்காலிகளைத் தூக்கி வந்த அந்தப் பையனுடையது.