பழைய இங்கிலாந்து மாளிகையின் குதிரை லாயத்தை எப்படிப் பார்ப்பது?

இங்கிலாந்தின் பழைய கிராமத்து மாளிகைகளுக்குப் போகிறவர்கள் பலரும் குதிரை லாயத்தில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், ஏனென்றால் இப்போது உணவகமும் கடைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த்திலும் அப்படித்தான். ஜேம்ஸ் பெய்ன் வடிவமைத்து 1760 வாக்கில் எழும்பிய அந்த லாயத்தில் 80 குதிரைகளுக்கு இடம் இருந்தது, தனியாகப் பார்த்தால் அதுவே ஒரு மாளிகை. தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில் தள்ளி நின்று நுழைவு வளைவைப் பாருங்கள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் சாரட்டு ஓட்டுநருக்கும் தலை தட்டக் கூடாதே, அதற்குத்தான் அவ்வளவு உயரம். மேலே கடிகாரம் இருந்தால் அது வேலையாட்களுக்கானது.

அப்புறம் முற்றத்துக்குள் போய்க் கதவுகளை ஒப்பிடுங்கள். அகலமான இரட்டைக் கதவு பெரும்பாலும் வண்டிக்கு, குறுகலானது குதிரைக்கு. இன்று கண்ணாடி போட்டு அடைத்திருந்தாலும் கல் வளைவு காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தவை ஜன்னல்கள். பல லாயங்களில் அவை உயரத்தில், சில சமயம் அரைவட்டமாக இருக்கும். குளிர்காற்று குதிரை மேல் நேராக அடிக்காமல் வெளிச்சம் மட்டும் இறங்க வேண்டும், சிறுநீர் நெடியும் வெளியேற வேண்டும், இரண்டையும் அந்த உயரம் ஒன்றாகச் சாதிக்கிறது. மாடியில் உலர்புல் பரணும் குதிரைக்காரர்களின் அறைகளும் இருக்கும். பரணின் தரையிலுள்ள திறப்பு வழியாகப் புல்லை நேரே கீழே தள்ளுவார்கள், அதனால் கூரையை அண்ணாந்து பார்த்து அடைத்த தடம் ஏதாவது தெரிகிறதா என்று தேடுங்கள்.

தரையையும் விடாதீர்கள். பழைய கல்லோ செங்கல்லோ மிஞ்சியிருந்தால் வடிகால் பக்கம் லேசாகச் சரியும்.