ஓநாயை ஊதிப் பெரிதாக்காதீர்கள்

அண்மையில் ஒரு பயிலரங்கில் 12 பேர், அற்றுப்போன நாயினமான எபிசயானை வரைந்தார்கள். 11 தாள்களில் அதே சாம்பல் ஓநாய்தான், கொஞ்சம் கொழுத்துப்போய். எனக்கு எரிச்சலைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. 20 ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்ததும் அதுவே. இப்படிப்பட்ட விலங்குகளை வரைவதில் நேரும் தவறுகள் சிலவற்றை இங்கே சொல்கிறேன். விரல் எண்ணிக்கை, நிழல் விழும் திசை போன்றவற்றில் வரும் தவறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எபிசயான் பெரிய ஓநாய் அல்ல

எபிசயான் ஹேடெனி, நாய்க் குடும்பத்தில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது. மயோசீன் காலத்தில் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) வட அமெரிக்காவில் வாழ்ந்தது. அது சேர்ந்திருந்த போரோபாகின் கிளை இன்று வாரிசு இல்லாமல் அற்றுப்போய்விட்டது. ஓநாய் வேறு கிளை.

இதெல்லாம் தெரியாமல், அருங்காட்சியகச் சுவரொட்டி ஒன்றுக்காக ஓநாய்ப் புகைப்படத்தைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கி, மேலே வண்ணம் தடவிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபின் ஒரு புதைபடிவ ஆய்வாளர் மண்டையோட்டின் படத்தை அதன் பக்கத்தில் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. மூஞ்சி குட்டை. நெற்றி குவிமாடம் போல எழும்பி நின்றது. எலும்பை நொறுக்கும் தடித்த பற்கள், அவற்றை இயக்கப் பருத்த தாடைத் தசைகள். என் படத்தில் இருந்ததோ மானைத் துரத்தும் ஒல்லி முகம். மறு அச்சுச் செலவில் பாதி என் தலையில் விழுந்தது.

உயரத்திலும் கோட்டை விட்டிருந்தேன். மிகப் பெரிய எபிசயானுக்கு 170 கிலோ வரை மதிப்பிடுகிறார்கள். 40 கிலோ ஓநாயைப் போல நான்கு மடங்குக்குச் சற்று மேல். உடனே உயரத்தையும் நான்கு மடங்காக்கினேன்! எடை என்பது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சேர்ந்து ஏறுவது. ஒவ்வொன்றும் சுமார் 1.6 மடங்கானாலே கணக்கு சரியாகிவிடும்.

டயர் ஓநாய்

இதுவும் (dire wolf) அற்றுப்போன விலங்குதான். பலர் நினைப்பதுபோல் குதிரை அளவு இல்லை. சராசரியாக 60 கிலோவைச் சற்றுத் தாண்டும். லாஸ் ஏஞ்சலிஸின் லா பிரேயா தார்க் குழிகளில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கிறது. அளந்து பார்க்க எலும்புக்குப் பஞ்சமில்லை. 2021இல் வெளியான மரபணு ஆய்வின்படி அது ஓநாய்க்கு நெருங்கிய உறவும் இல்லை.

கரடிநாய்

அற்றுப்போன இந்த ஊனுண்ணி, பெயர் எப்படி இருந்தாலும், நாய் அல்ல, கரடியும் அல்ல. தனிக் குடும்பம்.

கழுதைப்புலியைப் பார்த்து வரைவது

பாதி சரி. கழுதைப்புலி எலும்பை உடைப்பது முக்கியமாக மூன்றாம் முன்கடைவாய்ப் பல்லால். எபிசயானுக்கு அந்த வேலையைச் செய்தது நான்காவது. வாயைத் திறந்து வரைந்தால் மாட்டிக்கொள்வீர்கள். திருத்தி அச்சடித்த சுவரொட்டியில் நான் வாயைத் திறந்துதான் வரைந்திருந்தேன்.