ஓடுகிற சாவியை அழிக்காதீர்கள்: கார் சாவிப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் கடையில் தொழில் பழகும் இளைஞர் ஒருவர், உடைந்துபோன ரிமோட் சாவிக்குப் புதிய கவர் மாற்றிக் கொடுத்தார். கதவுகள் திறந்தன, மூடின. சாவியும் பூட்டில் திரும்பியது. என்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய கவரின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த சிப், கவரோடு சேர்ந்து குப்பைக் கூடைக்குப் போயிருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் இதே வேலையைச் செய்தபோது, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடையைத் தூக்கி என் காலடியில் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. கூடையைக் கையில் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பட்டன் பேட்டரியைத் தலைகீழாகப் போடுவது, சாவியைக் காரில் பதியும் கருவியான ஸ்கேனரில் தவறான மாடலைத் தேர்ந்தெடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எவரும் இரண்டாம் முறை செய்வதில்லை. செய்தவரே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

ரிமோட் வேறு, சிப் வேறு

ஒரே கவருக்குள் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். கதவைத் திறக்கும் ரிமோட், பட்டன் பேட்டரியின் மின்சாரத்தில், நம் நாட்டுக் கார்கள் பெரும்பாலானவற்றில் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. என்ஜினுக்கு அனுமதி தரும் டிரான்ஸ்பாண்டர் சிப்புக்குப் பேட்டரியே தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொண்டு, தன் அடையாளத்தைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். ஆகவே கதவு திறந்து, டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னி, வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் சந்தேகம் சிப்பின் மேல் போக வேண்டும். வண்டி ஓடியும் கதவு திறக்காவிட்டால் ரிமோட்டைப் பார்க்க வேண்டும். முதல் வகைக் கோளாறுக்குப் பேட்டரி மாற்றிக் கொடுத்துக் காசு வாங்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட் பட்டன் உள்ள கார்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஸ்மார்ட் கீயின் பேட்டரி முழுவதும் தீர்ந்துவிட்டால், உள்ளே செருகியிருக்கும் சிறு சாவியால் கதவைத் திறந்து, ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனின் மேல் ஒட்டிவைத்து அழுத்தினால் பல கார்கள் ஸ்டார்ட் ஆகிவிடும். சில மாடல்களில் அதை வைப்பதற்கு வேறு இடம் இருக்கும். காரோடு வந்த கையேட்டில் படத்துடன் போட்டிருப்பார்கள்.

ஒரு சாவி ஓடும்போதே ‘ஆல் கீ லாஸ்ட்’டுக்குள் நுழைவது

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பாதி என் மேலேயே.

காரின் இமொபிலைசர், அதாவது தெரியாத சாவிக்கு என்ஜினை ஸ்டார்ட் ஆக விடாத பாதுகாப்புக் கருவி, தனக்குத் தெரிந்த சாவிகளின் அடையாளங்களை ஒரு பட்டியலாக நினைவில் வைத்திருக்கிறது. ஸ்கேனரில் ‘ஆட் கீ’ என்பது, இருக்கிற பட்டியலில் புதிய சாவியைச் சேர்ப்பதற்கான வழி. ‘ஆல் கீ லாஸ்ட்’ என்பது எல்லாச் சாவிகளும் தொலைந்தவர்களுக்கானது. பெரும்பாலான கார்களில் அது முதலில் பட்டியலைத் துடைத்துவிட்டு, அதன் பிறகே புதிய சாவிக்காகக் காத்திருக்கும். முதல் வழி ஒரு முறை பிழை காட்டிவிட்டால் போதும், புதியவர்களின் விரல் தானாக இரண்டாவதற்குப் போகிறது. சுத்தமாக அழித்துவிட்டு எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலையில், பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர் தம் காரை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். ஒரு ஸ்மார்ட் கீ தொலைந்துவிட்டது, மற்றொன்று நன்றாக வேலை செய்தது. காலையில் திருமணத்துக்குப் போவதற்குள் இன்னொன்று வேண்டும் என்றார். ‘ஆட் கீ’ இரண்டு முறை தோற்றது. நான் யோசிக்காமல் ‘ஆல் கீ லாஸ்ட்’டை அழுத்தினேன். பட்டியல் துடைக்கப்பட்டது, புதிய சாவியைக் காட்டு என்று திரை கேட்டது, காட்டினேன், கார் ஏற்கவில்லை. ஒரே மாதிரியான கவரில் 46, 47 என்று இரு வகைச் சிப்புகள் வருகின்றன. காருக்கு வேண்டியது ஒன்று, என் கையில் இருந்தது மற்றொன்று. முதல் வழி தோற்றதற்கும் அதுவே காரணம் என்பது அப்போதுதான் உறைத்தது. போகட்டும், பழைய சாவியையாவது மறுபடி பதிந்துவிடலாம் என்று திரும்பினால், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உரிமையாளர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் நேரம் கடந்து ஸ்கேனரின் தொடர்பு அறுந்தது. பதற்றத்தில், சாவி பதிவதற்குக் கார் கேட்கும் ரகசிய எண்ணான ஆறு இலக்கப் பின் கோடைத் தொடர்ந்து தவறாக அடித்தேன். இமொபிலைசர் தன்னைப் பூட்டிக்கொண்டது. ஓட்டிவந்த கார், ஒரு சாவியும் இல்லாத காராகக் கடை வாசலில் நின்றது.

அந்தக் குடும்பம் திருமணத்துக்கு வாடகைக் காரில் போயிற்று. வாடகையை நான் கொடுத்தேன். மறுநாள் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டி, இக்னிஷனை ஆன் செய்து, பூட்டு விலகும்வரை காத்திருந்து, பழைய சாவியை முதலில் பதிந்த பிறகே மூச்சு வந்தது. ஒரு சாவிக்கு நான் கேட்டிருந்த கூலியைப் போலப் பல மடங்கு கையைவிட்டுப் போனது. பணத்தைவிட, வாசலில் பட்டுப்புடவையோடு நின்றிருந்த அந்த அம்மாளின் பார்வைதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

ஆகவே இப்போது கடையில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். வீட்டில் உள்ள சாவிகளும் உட்பட எல்லாச் சாவிகளும் மேசைக்கு வந்த பிறகே ஸ்கேனர் காருக்குள் போகும். ஹூண்டாய், கியா போன்ற கார்களில் ‘ஆட் கீ’ செய்யும்போதுகூட எல்லாச் சாவிகளையும் ஒரே அமர்வில் பதிய வேண்டும். அந்த நேரத்தில் காட்டாத சாவி, பீரோவுக்குள் இருந்தபடியே செத்துப்போகும். பல கார்களில் பதிவான சாவிகளின் எண்ணிக்கையைத் திரையில் பார்க்க முடியும். உரிமையாளர் இரண்டு என்கிறார், திரை மூன்று என்கிறது என்றால் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய காராக வாங்கியவர்களுக்கு அது முக்கியமான செய்தி. ஸ்டார்ட் ஆகும் சாவி இருக்கும்போது ‘ஆட் கீ’ தோற்றால், முதலில் புதிய சாவியின் சிப்பைச் சோதனைக் கருவியில் வைத்து அதன் வகையைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை அது.

அழிக்கவே கூடாது என்பதில்லை. வேலையை விட்டுப்போன டிரைவர் சாவியைத் திருப்பித் தராதபோதும், சாவி திருட்டுப்போனபோதும் பட்டியலைத் துடைத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும், அழிக்கப்பட்ட சாவியின் பிளேடு, அதாவது பூட்டில் நுழையும் உலோகப் பகுதி, கதவைத் திறந்துகொண்டேதான் இருக்கும், என்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்யாது என்பதை உரிமையாளருக்கு விளக்கிவிடுங்கள். காருக்குள் லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கார் பேட்டரியை அளக்காமல் தொடங்குவது

முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி காலி. இக்னிஷன் ஆன் நிலையில் அரை மணி நேரம் நிற்கும் வண்டியில் விளக்கும் ஏசி விசிறியும் ஓடிக்கொண்டிருந்தால், எழுதும் வேலையின் நடுவில் மின்னழுத்தம் சரிந்து, கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகமே பாதி எழுதிய நிலையில் நின்றுபோகலாம். ஃபோர்டு கார்கள் பலவற்றில் பாதுகாப்பு அனுமதிக்காகவே பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் தயாரிப்பு நின்ற பிறகும் அந்தக் கார்கள் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன என்பதால் இதைச் சொல்கிறேன்: அந்தப் பத்து நிமிடத்தில் கருவி நின்றுவிட்டது என்று நினைத்து, ஸ்கேனரைக் காரோடு இணைக்கும் ஓபிடி வயரைப் பிடுங்குபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள்.

பின் கோடை ஊகித்து அடிப்பது

கூடாது.

தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டுவது

பத்து ஆண்டு ஓடிய சாவியை நகலெடுத்தால், அதன் தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுக்கிறோம். வெட்டின் ஆழத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பழைய சாவி பழக்கத்தால் பூட்டோடு ஒத்துப்போகும், புதியது சிக்கிக்கொள்ளும். புதுக் காருடன் வரும் சிறு தகட்டில் உள்ள சாவி எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணின்படி வெட்டுங்கள். தகடு இல்லையென்றால், வெட்டுகளை அளந்து, அருகிலுள்ள சரியான படிக்குத் திருத்தி வெட்ட வேண்டும்.

பழைய ஸ்மார்ட் கீயை மலிவாக வாங்குவது

வேறொரு காரில் பதிவான ஸ்மார்ட் கீ, பல மாடல்களில் தன்னைப் பூட்டிக்கொண்டுவிடும். அதைத் திறக்கும் கருவி இல்லாமல் இன்னொரு காரில் பதிய முடியாது. பாதி விலை என்று அள்ளி வந்த ஒரு பெட்டி என் பரணில் இருக்கிறது.

ஆவணம்

ஆர்.சி. புத்தகமும் உரிமையாளரின் அடையாள அட்டையும் பார்க்காமல் யாருக்கும் சாவி செய்யாதீர்கள், தெரிந்தவராக இருந்தாலும்.

பழைய சாவியைப் பையில் வைத்துக்கொண்டு புதியதைச் சோதிப்பது

ஸ்டார்ட் பட்டன் வண்டிகளில் இது எளிதில் ஏமாற்றும். புதிய சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆகும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் உரிமையாளரின் பையில் உள்ள பழைய சாவிதான் அதை ஸ்டார்ட் செய்திருக்கும். வீட்டுக்குப் போன பிறகு தொலைபேசி வரும். சோதனையின்போது பழைய சாவியை எடுத்துக்கொண்டு அவரைத் தெருமுனை வரை போகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மட்டும் அவர் டீ குடிக்கப் போகலாம்.