0.01 இட்டு 0.05 எடுத்த ஒப்பந்தம்

திருகோணமலை உவர்மலையில், உறவினர் ஐவருக்கான சேமிப்புச் செயலி ஒன்றை எதீரியம் என்னும் பிளாக்செயினின் (பல கணினிகள் பகிர்ந்து வைத்திருக்கும் பதிவுச் சங்கிலி) செபோலியா சோதனை வலையமைப்பில் எழுதிப் பார்த்தேன். நடுவில் கணக்காளர் எவரும் இல்லாமல், வலையமைப்பின் ஒவ்வொரு கணினியும் (கணு) ஒரே நிரலைத் தானே இயக்கி ஒரே விடைக்கு வருவதுதான் ஸ்மார்ட் ஒப்பந்தத்தில், அதாவது சங்கிலியில் ஏற்றி இயக்கும் நிரலில், எனக்கு மிகவும் பிடித்தது.

சோதிப்பதற்காக நானே எழுதிய இன்னோர் ஒப்பந்தம், 0.01 ஈதரை (எதீரியத்தின் நாணயம்) வைப்பிலிட்டு, மற்ற நால்வரின் பணத்தையும் சேர்த்து 0.05 ஈதரை எடுத்துவிட்டது. சேமிப்பு ஒப்பந்தத்தில் பணம் எடுக்கும் செயற்கூற்றில், பணத்தை முதலில் அனுப்பிவிட்டு, அதன் பின்னரே இருப்பைச் சுழியமாக்கியிருந்தேன். பெறுவது ஓர் ஒப்பந்தமாயின், ஈதர் சேரும் கணத்திலேயே அதன் நிரல் இயங்கி அதே செயற்கூற்றை மறுபடி அழைக்கலாம், அப்போதும் பழைய இருப்பே பதிவில் இருக்கும். 2016 இல், எதீரியத்தில் ஸ்மார்ட் ஒப்பந்தமாக இயங்கிய த டாவோ என்னும் முதலீட்டு நிதியிலிருந்து ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் வெளியேறியதும் இவ்வகை ஓட்டையால்தான்.

இருப்பைச் சுழியமாக்கும் வரியை, அனுப்பும் வரிக்கு மேலே ஏற்றினேன். ஓர் அழைப்பு முடியுமுன் அதே செயற்கூற்றை மறுபடி அழைக்கும் மறுநுழைவைத் தடுக்கும் பூட்டும் சேர்த்தேன். சங்கிலியில் ஏற்றிய நிரலைத் திருத்த இயலாது என்பதால், புதிய ஒப்பந்தத்தை வேறு முகவரியில் ஏற்றி, செயலியின் முகப்பில் அம்முகவரியை மாற்றினேன். மறுபடி தாக்கியபோது பரிவர்த்தனை முழுவதும் இரத்தாகி, ஐவரின் இருப்பும் அப்படியே நின்றது.